எந்த வரியில்?

வில்லரே, மொன்றியல்
21 ஒக்டோபர் 2024

அன்புள்ள தங்கச்சி யோகராணிக்கு,

நீ எழுதி அனுப்பிய மாதிரிக் கட்டுரைக்கு இங்கே பூச்சியம் விழுந்துவிட்டது. ஒரு பிள்ளைக்கு அல்ல, வகுப்பில் இருந்த ஒன்பது பிள்ளைகளுக்கும். என் மகள், உன் மருமகள் கஜந்தினியும் அதில் ஒருத்தி.

சுகம் விசாரிக்காமல் தொடங்கியதற்குக் கோபிக்காதே. நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அண்ணியின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. உன் இருமல் விட்டதா என்று எழுது. போனில் கதைத்தால் நடுவில் யாராவது வெண்டிக்காய் விலை கேட்க நான் பாதியில் வெட்டிவிடுகிறேன் என்று குறைப்பட்டாயே, அதனால் கடைக் கணினியில் இருந்து ஆறுதலாக எழுதுகிறேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இந்த வருடம் என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். உயர்பள்ளிப் பிள்ளைகளின் இலக்கிய வகுப்புக்கு அனந்தராமன் என்று ஒருவர் வருகிறார். சென்னைக்காரர், இங்கே மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரி விரிவுரையாளர். சம்பளம் வாங்காமல் படிப்பிக்கிறார். அவர் ஒரு கதையைக் கொடுத்து, வாசித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். யதுர்ஷன் என்ற பொடியனின் தாய் கடைக்கு வந்து, "அண்ணை, உங்கட தங்கச்சி ஊரில பெரிய தமிழ் ரீச்சர் எல்லே, கதை நயம் எழுத ஒரு மாதிரி விடை எடுத்துத் தாங்கோவன்" என்றா. நான் உன்னிடம் கேட்டேன், நீ அடுத்த நாளே அனுப்பினாய். நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். ஒன்பது பிள்ளைகளும் பாடமாக்கி, ஒப்புவித்தது போல எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நீயோ கதையைக் கேட்கவில்லை, நானும் தரவில்லை. கட்டுரையில் "தாயின் தியாகம் நெஞ்சை நெகிழ வைக்கிறது" என்று இருக்கிறது. கதையில் தாயே இல்லை. காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடைக்கு ஒரு கிழவர் வாராவாரம் வந்து, அழுக்கில்லாத ஒரே சட்டையைத் தோய்த்துக்கொண்டு போகிறார். அவ்வளவுதான் கதை. அனந்தராமன் உன் வசனங்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் "எந்த வரியில்?" என்று எழுதியிருக்கிறார். தாள் முழுக்கச் சிவப்பு.

பெற்றோர் என் கழுத்தில் நிற்கிறார்கள். ஆளை மாற்று என்கிறார்கள்.

இன்னொரு விஷயம். ரொக்ஸ்பரோவில் இருக்கும் ஸ்ரீதரன் கலியாணத்துக்கு உன் சம்மதத்தைத் திரும்பவும் கேட்டார். அம்பத்திரண்டு வயது, மூன்று கடை, தனி ஆள். தைக்கு முன் பதில் வேண்டுமாம். இதற்கு மட்டும் நீ இரண்டு கடிதமாக ஒன்றும் எழுதவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்
ஞானேந்திரன்

*

கரவெட்டி
23 ஒக்டோபர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

இருமல் விட்டுவிட்டது. அண்ணியின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொல்லுங்கள், குளிசை மட்டும் போதாது.

அந்தக் கட்டுரையால் இருபது வருடமாக என் பிள்ளைகள் பரீட்சையில் ஏ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கதை வந்தாலும் பொருந்த வேண்டும் என்றுதான் அப்படி எழுதியது. தாய் இல்லாவிட்டால் தாயை எடுத்துவிட்டு மனித நேயத்தைப் போட வேண்டும். அதைக்கூட அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையா?

அந்த மனுசனுக்கு எத்தனை வயது, எங்கே தமிழ் படித்தார், கோபக்காரரா? பூச்சியம் போட்டபோது பிள்ளைகளிடம் என்ன சொன்னார்? பூச்சியம் போடுகிறவருக்கு எப்படி எழுத வேண்டும் என்று காட்டவும் தெரிய வேண்டும். நீங்கள் ஒரு நாள் போய் வகுப்பில் இருந்து பாருங்கள். பார்த்ததை அப்படியே எழுதுங்கள், உங்கள் அபிப்பிராயம் எனக்கு வேண்டாம்.

கதையையும் உடனே படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்
யோகராணி

*

வில்லரே
11 நவம்பர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது, ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. அங்கே மழை எப்படி? கூரை ஒழுகினால் மறைக்காமல் சொல்.

ஸ்ரீதரனைப் பற்றிக் கேட்டேன். நீ ஒன்றும் எழுதவில்லை. கதையை இத்துடன் அனுப்புகிறேன், இரண்டு பக்கம்தான்.

சனிக்கிழமை மகனைக் கடையில் விட்டுவிட்டு வகுப்பில் பின்வாங்கில் போய் இருந்தேன். அனந்தராமனுக்கு அம்பது இருக்கும். மெலிந்த ஆள், கத்திப் பேசமாட்டார். மனைவி சென்னையில் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கதைத்தாள், ஒரு பச்சைப் பென்சில். சட்டம் ஒன்றுதான். எதைச் சொன்னாலும் அதைச் சொல்ல வைத்த வரியில் விரலை வைக்க வேண்டும்.

யதுர்ஷன் எழும்பி, "சேர், அந்தாள் கள்ளன். சட்டை களவெடுத்தது" என்றான்.

"இருக்கலாம்பா. விரல் வை."

அவன் தாளைத் தடவித் தடவிப் பார்த்தான். "அவர் கதவைப் பாத்துக்கொண்டு நிக்கிறார் எண்டு கிடக்கு."

"நல்லது. கதவப் பார்க்கிறவன் எல்லாம் திருடனா? வேற யாரெல்லாம் கதவப் பார்ப்பாங்க?"

"ஆரும் வருவினம் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிற ஆக்கள்" என்றாள் கஜந்தினி. சட்டை இறந்துபோன மகனுடையது என்பது அவள் கட்சி. சின்னத் தோள் என்று எழுதியிருக்கும் இடத்தில் விரலை வைத்தாள். அவர் அதற்கு ஒரு சரி போட்டார், ஆனால் "மகன்னு எங்க இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார். அவள் திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

பிறகு என்னைப் பார்த்து, "தலைவர் என்ன நினைக்கிறீங்க?" என்றார். கிழவருக்கு வேறு வேலை இல்லை, அதுதான் தோய்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். பிள்ளைகள் ஒன்பது பேரும் ஒன்றாக "எந்த வரியில்?" என்றார்கள். நான் கடையில் ஆட்களை முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுப் பழகினவன். தாளைப் பார்த்துப் போடும் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வந்து கதையை மூன்று தரம் வாசித்தேன், யாருடைய சட்டை என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

பெற்றோரைப் பொங்கல் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பிள்ளைகள் நன்றாக எழுதாவிட்டால் ஆளை மாற்றுவதாகப் பேச்சு.

ஸ்ரீதரன் நல்ல மனுசன். கடும் உழைப்பாளி. நல்ல மனுசன் என்பதை நான் சும்மா சொல்லமாட்டேன். அவரோடு சேர்ந்து கடைச் சாமானுக்கு ஒரு களஞ்சியம் எடுத்தால் எனக்கும் லாபம்தான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் லாபத்துக்காகச் சொல்லவில்லை, நல்ல மனுசன்.

அன்புடன் அண்ணன்

*

கரவெட்டி
29 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

மழை விடாமல் பெய்கிறது. கூரை ஒழுகவில்லை, ஒழுங்கை முழுக்க வெள்ளம். நான் சுகம்.

சட்டை ஒரு பெண்ணுடையது. "சட்டையின் இடது பக்கத்தில் தைத்திருந்த பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டார்" என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஆண்கள் சட்டைக்குப் பொத்தான் வலது பக்கம், பெண்களுக்கு இடது. அண்ணியின் உடுப்பையும் உங்களுடையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதியவர் பெயர் தாளில் இல்லையே, யார் எழுதியது?

இதை விரிவாக ஒரு தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அச்சடித்து அவரிடம் கொடுங்கள். நீங்கள் வாசிக்க வேண்டாம், அது ரீச்சர்மார் விஷயம்.

விரல் வைக்கும் சட்டத்தை என் உயர்தர வகுப்பிலும் போட்டுப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகள். முதல் நாள் விரல் வைக்காமல் எல்லோரும் கொப்பியைத் திறந்தார்கள். நான் ஏதாவது சொல்லட்டும், எழுதிக்கொள்ளலாம் என்று பேனையோடு காத்திருந்தார்கள். எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் ஒருத்தி எழும்பி, "ரீச்சர், போன தவணை நீங்கள் தந்த குறிப்பிலை இந்தக் கதாநாயகி கர்வக்காரி எண்டு இருக்கு. அதுக்கு வரி தேடினன், கிடைக்கேல்லை" என்றாள். நானும் தேடினேன். கிடைக்கவில்லை. அந்தக் குறிப்பு எனக்கு என் ரீச்சர் தந்தது. கதையைத் திறந்து பார்க்காமலே நான் அதை இத்தனை வருடம் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பிள்ளைகளிடம் சொன்னேன், குறிப்பை வெட்டச் சொன்னேன். அண்ணை, வகுப்பு அதற்குப் பிறகு போட்ட சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஸ்ரீதரன் பற்றி. உங்கள் கடிதத்தில் "நல்ல மனுசன்" மூன்று தரம் இருக்கிறது. எந்த வரியில்?

யோகராணி

*

வில்லரே
20 டிசம்பர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

வெள்ளம் வடிந்ததா? எங்கள் பக்கம் பனி முழங்காலளவு. இந்தக் குளிரில் எல்லோருக்கும் தடிமன், ஆனால் சாப்பாடு இறங்குகிறது.

அண்ணியின் அலுமாரியைத் திறந்து பொத்தான் பார்த்தேன். என்ன தேடுகிறாய் என்று அவ சந்தேகமாகப் பார்த்தா. நீ சொன்னது சரி.

உன் தாளை வாசிக்கவில்லை. அனந்தராமன் சனிக்கிழமை கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வந்தபோது கொடுத்தேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தார். ஒருதரம் முடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார். ஆட்கள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு "பார்தோன், பார்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு இடித்துக்கொண்டு போகிறார்கள், மனுசன் அசையவில்லை. "உங்க சிஸ்டர் எழுதினதா சார்?" என்று மட்டும் கேட்டார். கறிவேப்பிலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். நீ கேட்டதைப் பிறகு போனில் விசாரித்தேன், கதை அவரே எழுதியதாம், வகுப்புக்காக.

பள்ளி வகுப்பை மேல் மண்டபத்திலிருந்து கீழே நிலவறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அது தவிர அங்கே புதினம் இல்லை.

நீ கேட்ட வரிக்காக நானே ரொக்ஸ்பரோ போனேன். இப்படி ஒரு மாப்பிள்ளை பார்க்கும் வேலையை நான் செய்ததில்லை. ஸ்ரீதரனின் கடையில் அரை நாள் இருந்தேன். எல்லாம் துப்புரவு, எல்லாம் அதன் அதன் இடத்தில். பின்வாசலில் ஒரு வேலையாள் முட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு வந்தவர் பனியில் சறுக்கி விழுந்தார். ஸ்ரீதரன் ஓடிப் போய், "முட்டை உடைஞ்சுதோ?" என்று கேட்டு, பெட்டிகளைத் திறந்து பார்த்து, நல்லதையும் உடைந்ததையும் அந்த இடத்திலேயே பிரித்துவிட்டார். கவனமான மனுசன். பொருளைக் காக்கத் தெரிந்தவன் குடும்பத்தையும் காப்பான். இதோ உன் வரி.

தை பிறக்கப் போகிறது. பதில் எழுது.

அண்ணன்

*

கரவெட்டி
26 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

தடிமன் எல்லோருக்கும் மாறியிருக்கும். பொங்கலுக்குச் சித்தி வீட்டுக்குப் போய் வந்தேன். வாடைக்காற்று இன்னும் நிற்கவில்லை. பதில் பிந்திவிட்டது, தவணைப் பரீட்சைத் தாள்கள்.

முட்டைக் கதையை வகுப்புக்குக் கொண்டு போனேன். பெயர்களை எடுத்துவிட்டு, "ஒரு முதலாளி, ஒரு வேலையாள்" என்று பலகையில் எழுதினேன். முதலாளியின் குணம் என்ன, எந்த வரியில் என்று கேட்டேன். ஒரு பிள்ளை கேட்டாள், "விழுந்தவரைத் தூக்கினது ஆர், ரீச்சர்?" உங்கள் கடிதத்தில் அது இல்லை. நீங்கள் தூக்கினீர்களா அண்ணை? அல்லது அவர் தானே எழும்பினாரா?

அந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம். நீங்கள் எழுதிய வரியை வைத்தே சொல்கிறேன். அவருக்கு மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

இங்கே நாள் ஒரே மாதிரிப் போகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து தேத்தண்ணி வைத்துக்கொண்டு முன்னறை மேசையில் இருக்கிறேன். இரண்டு கதிரை. ஒன்றில் நான், மற்றதில் திருத்தாத தாள்கள். உங்கள் பிள்ளைகள் பாவம், கொதிகலன் இடிக்கும் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல் எப்படித்தான் விவாதம் செய்கிறார்களோ. கஜந்தினி இந்தத் தரம் என்ன எழுதினாள்?

யோகராணி

*

வில்லரே
9 பெப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

தடிமன் போய்விட்டது, அண்ணிக்கு முழங்கால் திரும்பத் தொடங்கிவிட்டது. நீ காற்றில் தலை மூடாமல் திரியாதே.

ஸ்ரீதரனிடம் சொல்லிவிட்டேன். களஞ்சியப் பேச்சும் அதோடு போயிற்று. கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உண்மையும் சொல்ல வேண்டும். அந்த வேலையாளைத் தூக்கியது நானும் இல்லை, ஸ்ரீதரனும் இல்லை. ரொட்டி வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரி தூக்கினாள். எழுதும்போது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்றுதான் இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

பொங்கலோடு பெற்றோர் கெடு முடிந்தது. பிள்ளைகள் அதே கதைக்குப் புதிதாகக் கட்டுரை எழுதினார்கள். ஒன்பதும் ஒன்பது விதம். கஜந்தினி, "மகன் என்று முதலில் நினைத்தேன், பொத்தான் என்னைத் திருத்தியது" என்று தொடங்கியிருக்கிறாள். யதுர்ஷன் இன்னும் கள்ளன் கட்சிதான், ஆனால் அதற்கு இரண்டு வரி பிடித்திருக்கிறான். அவனுக்கும் நல்ல புள்ளி. எல்லோருக்கும் ஒரே விடை இல்லை என்றதும் பெற்றோருக்கு அது ஒரு புதுக் குழப்பம். யதுர்ஷனின் தாய் வந்து, "அண்ணை, இவன் இப்ப வீட்டிலை என்னைக் கதைக்க விடுறானில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தலைக்கனம் எண்டு சொன்னன், எந்த வரியிலை அம்மா எண்டு கேக்கிறான்" என்றா. ஆளை மாற்றச் சொல்லவில்லை. அனந்தராமன் படிப்பு வருட முடிவு வரை இருப்பார்.

ரொறன்ரோவில் இன்னொரு இடம் வந்திருக்கிறது. கணக்காளர். விபரம் அனுப்பவா? உடனே எழுது.

அண்ணன்

*

வில்லரே
30 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கவே ஒரு கடிதம் எழுதும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாய். போனில் எடுத்தால் "எல்லாம் நல்லம் அண்ணை, பேந்து எழுதுறன்" என்கிறாய். எழுதவில்லை.

இன்று ஞாயிறு, கடை அடைத்த பின்னேரம். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் அச்சடித்து மேசையில் வரிசையாக அடுக்கினேன். கஜந்தினியின் பச்சைப் பென்சிலை இரவல் வாங்கினேன். நான் கண்டதைச் சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் விரல் வைத்துத்தான் சொல்கிறேன்.

ஜனவரிக் கடிதத்தில் கொதிகலன் இடிக்கும் சத்தம் என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்கு எழுதியது வகுப்பு நிலவறைக்கு மாறியது என்று மட்டும். கட்டிடத்துக்குச் சூடு தரும் கொதிகலன் பற்றி ஒரு சொல் இல்லை. உண்மையில் நானே அந்த நிலவறைக்குப் போனதில்லை. நேற்றுப் போய்ப் பார்த்தேன், உண்மைதான், இடிக்கிறது. மருமகள் சொல்லியிருப்பாள் என்று அவளைக் கேட்டேன். "அப்பா, எனக்குத் தமிழ் டைப் பண்ணத் தெரியாது. மாமியோட வட்சப்பிலை பூனைப் படம் மட்டும்தான்" என்றாள். காட்டினாள், பூனைதான்.

அடுத்தது நீ எழுதாதது. ஒக்டோபரில் அந்த மனுசனின் வயது, படிப்பு, கோபம் எல்லாம் கேட்டாய். நவம்பரில் கதை எழுதியது யார் என்று கேட்டாய். ஜனவரியில் அவரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கடைக்கு வருகிறவர் ஒரு பொருளின் விலையைக் கேட்பதை எப்போது நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் ஒருதரமாவது குறை சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவார். குறையும் சொல்லாமல் கேட்பதையும் விட்டால், பொருள் ஏற்கெனவே பைக்குள் போய்விட்டது.

மூன்றாவது, உன் முன்னறை. இரண்டு கதிரை, ஒன்றில் தாள்கள். நீ ஒரு கடிதத்திலும் தனிமை என்று எழுதவில்லை. அந்த இடத்தில் எழுதியிருக்கிறாய் என்று நான் வாசிக்கிறேன்.

நீயும் அனந்தராமனும் ஒருவருக்கொருவர் எழுதுகிறீர்கள். டிசம்பரில் நான் கொடுத்த தாளில் உன் மின்னஞ்சல் இருந்திருக்கும். தபால்காரனாக என்னை வைத்துத் தொடங்கிவிட்டு என்னை விட்டுவிட்டீர்கள்.

பிழை என்றால் எந்த வரியில் என்று காட்டு.

அண்ணன்

*

கரவெட்டி
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். அண்ணியின் முழங்காலை டொக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு பிழை இருக்கிறது. கதிரையில் தாள்கள் இருப்பது அலுமாரியில் இடமில்லாததால். வேறொன்றும் இல்லை. ஒரு வரி இருக்கிறது என்பதற்காக அதில் எதையும் ஏற்றிவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மற்ற இரண்டும் சரி. உங்களுக்கு நல்ல புள்ளி போட வேண்டியிருக்கிறது.

டிசம்பரில் அவர் பதில் எழுதினார். அந்தப் பொத்தானை அவர் வேண்டுமென்று வைக்கவில்லையாம். கையில் இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். சட்டை அவர் மனைவியுடையது, அவ இல்லாமல் போய் ஆறு வருடம். வகுப்பில் யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று நினைத்தாராம், நான் கண்டுபிடித்தபோது ஏன் கோபம் வரவில்லை என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்று எழுதினேன். அங்கிருந்துதான் தொடங்கியது. பெரும்பாலும் பாடம்தான். நான் ஒரு கேள்வித்தாள் அனுப்புவேன், அவர் ஒன்று அனுப்புவார். சண்டையும் பிடிப்போம். பிள்ளைகளைக் கண்டபடி ஊகிக்க விட வேண்டும் என்பார் அவர், பரீட்சை வருகிறது என்பேன் நான்.

மார்ச்சில் அவர் கலியாணத்துக்குக் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்றால், நீங்கள் உடனே விலை பேசத் தொடங்கிவிடுவீர்கள். சாதி, ஊர், மீன், ஆட்கள் என்ன சொல்வார்கள், எல்லாம் தராசில் ஏறும். அதற்கு முன் இது என்ன என்று நானே கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்பட்டேன்.

இப்போது எழுதுகிறேன். என் விருப்பம் ஓம். ஆனால் இந்த நாற்பது பிள்ளைகளும் நவம்பரில் உயர்தரப் பரீட்சை எழுதுகிறார்கள். குறிப்பை வெட்டச் சொன்னது நான், நடுவில் விட்டுவிட்டு விமானம் ஏறமாட்டேன். அதை மட்டும் ஒருவரும் அசைக்க முடியாது. மிச்சத்தை நீங்கள் பேசுங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் எனக்கு நோகும், அதையும் எழுதிவிடுகிறேன்.

உங்கள் தங்கச்சி
யோகராணி

*

வில்லரே
11 மே 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். அண்ணியை டொக்டரிடம் காட்டினேன், நடக்கச் சொல்லியிருக்கிறார். நீ எழுதியதற்கு ஒரு மாதமாகப் பதில் போடாதது கோபத்தால் அல்ல. முதல் கிழமை கோபத்தால், மிச்சம் விசாரித்ததால்.

நேற்று வகுப்பு முடிந்து அவரைக் கடையின் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். வெங்காயப் பை மேல் இருந்தார்.

"சார், இத நான்தான் உங்ககிட்ட முதல்ல சொல்லிருக்கணும்" என்றார்.

"சொல்லியிருக்க வேணும். ஏன் சொல்லேல்லை?"

"பயம். நீங்க ஸ்கூலுக்குத் தலைவர். அதுக்கு மேல, அவங்க அண்ணா."

"நான் இந்தியத் தமிழ்ப் படங்களைப் பாத்து உங்கட ஆக்களைக் கணக்குப் போட்டவன்" என்றேன். "நீங்கள் மரக்கறி. அவள் மீன் இல்லாமல் சோறு தொடமாட்டாள். அதுக்கு என்ன?"

"அவங்க தட்டுல இருக்கட்டும் சார். என் தட்டுல வேண்டாம்."

"உங்கட வீட்டு ஆக்கள்?"

"அம்மா மட்டும்தான். ரெண்டு நாள் பேசாம இருந்தாங்க. மூணாவது நாள், பொண்ணு என்ன படிச்சிருக்கான்னு கேட்டாங்க."

"அவள் அங்கை இருந்து வரமாட்டாள் எண்டால்?"

இதற்கு அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. உடனே சொல்கிறவனை நான் நம்புவதில்லை. "ஜூலை ஒண்ணாம் தேதி என் அபார்ட்மென்ட் லீஸ் முடியுது சார்" என்றார். "வீட்டுக்காரர் மார்ச்லயே புதுப்பிக்கிற பேப்பர் அனுப்பியாச்சு. நான் கையெழுத்துப் போடல. சாமான ஒரு நண்பர் வீட்டுல போட்டுட்டு, ஒரு வருஷம் லீவு கேட்டிருக்கேன்."

இங்கே அந்தத் திகதியில் ஊரே வீடு மாறும். எல்லோரும் புது வீட்டைப் பிடித்துக்கொண்டுதான் பழையதை விடுவார்கள். இந்த மனுசன் பிடிக்காமலே விட்டிருக்கிறார், நீ ஓம் சொல்ல முதலே. வேறு வரி எனக்குத் தேவைப்படவில்லை.

அதற்காகப் பேரம் பேசாமல் விட்டேன் என்று நினைக்காதே. பேசினோம். தேத்தண்ணி இரண்டு தரம் ஆறியது. முடிவாக ஒத்துக்கொண்டது இவ்வளவு.

சீதனம் என்ற பேச்சு எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர் ஜூனில் வகுப்பை முடித்துக்கொண்டு, ஜூலையில் சென்னை போய்த் தாயையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வருவார். கலியாண எழுத்து ஓகஸ்டில், உன் வீட்டில், நீ சொல்லும் ஆட்களோடு மட்டும். நானும் அண்ணியும் கஜந்தினியும் வருகிறோம். குசினியில் மீன் சமைக்கலாம், சட்டி வேறு. உன் பிள்ளைகள் நவம்பரில் பரீட்சை எழுதி முடியும் வரை நீ அங்கேதான், அதை ஒருவரும் அசைக்கவில்லை. அதன் பிறகு கரவெட்டியா, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவா என்பதை நீங்கள் இருவரும் தீர்மானிப்பீர்கள். அதில் நான் கருத்துச் சொல்வதில்லை என்று அவர் ஒரு நிபந்தனை போட்டார். இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. கை கொடுத்துவிட்டேன்.

அண்ணன்
ஞானேந்திரன்